லாபத்துக்கு எது சொந்த ஊர்?



பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கங்களில் சங்கக் கூட்டம் முடிந்து பாய் சுருட்டும் நேரத்தில் தோழர்கள் சிலர் தனியாக வந்து ஒரு கேள்வி கேட்கிறார்கள். "சவூதியிலே இருக்கிற தம்பி மாசாமாசம் பணம் அனுப்பறான். அதுக்கும் இன்கம்டாக்ஸ் பிடிப்பாங்களாமே, நெசமாங்க தோழர்?" யார் சொன்னது என்று கேட்டால், டவுனில் கணக்கு எழுதும் ஒருவர் சொன்னார் என்கிறார்கள். கொஞ்சம் செலவு செய்தால் "சரி பண்ணித் தருகிறேன்" என்றும் அவர் சொன்னாராம்!

பயத்தில் பணம் பறிப்பது பழைய தொழில். ஆகவே முதலில் இந்தப் பயத்தைத் தீர்த்துவிடுவோம். பிறகு, உண்மையில் வரி கட்டவேண்டியவர்கள் யார், அவர்கள் எந்தச் சந்து வழியாக ஓடுகிறார்கள் என்ற விஷயத்துக்கு வருவோம்.

நமது நாட்டின் வருமான வரிச் சட்டம் பாஸ்போர்ட்டைப் பார்த்து வரி போடுவதில்லை. நாட்கணக்கைப் பார்த்துப் போடுகிறது. ஏப்ரல் 1ந் தேதி தொடங்கி மார்ச் 31ந் தேதி முடியும் வருஷத்தில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் தங்கியிருந்தால் அவர் உள்நாட்டுவாசி. உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அந்த வருமானம் இங்கே கணக்கில் சேரும். வேலைக்கென்று வெளிநாடு போனவன் அந்த 182 நாளைத் தொடவில்லையென்றால், சட்டத்தின் கண்ணில் அவன் வெளிநாட்டுவாசி. இந்தியாவில் கிடைக்கும் வருமானத்துக்கு மட்டுமே அவன் இங்கே பதில் சொல்லவேண்டும். ரியாத்தில் கம்பி கட்டி வாங்கிய கூலிக்கோ, துபாயில் லாரி ஓட்டி வாங்கிய சம்பளத்துக்கோ இங்கே வரி கிடையாது. அங்கே கைக்கு வந்த கூலியை வீட்டுக்கு அனுப்புவதாலேயே அது புதிய வருமானம் ஆகிவிடாது. மகன், கணவன், கூடப்பிறந்தவன் அனுப்பும் பணத்துக்கு வாங்குகிறவர் மீதும் வரி இல்லை.

ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். கிளம்பிப் போகிற வருஷத்தில் அக்டோபருக்குப் பிறகு விமானம் ஏறியவன் அதற்குள் இங்கே 182 நாள் இருந்துவிட்டான். அந்த ஒரு வருஷத்துக்கு அவன் உள்நாட்டுவாசிதான். மிச்ச மாதங்களில் அங்கே வாங்கிய சம்பளமும் சேர்த்தே பார்க்கப்படும். ஆனால் 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு, புதிய முறைக் கணக்கில் உள்நாட்டுவாசியின் சம்பள வருமானம் 12 லட்சம் வரை வரி இல்லை. கம்பி கட்டும் தோழருக்கு ஐந்து மாதத்தில் 12 லட்சம் கிடைத்தால் நமக்கும் சந்தோஷந்தான்!

இந்தப் பயம் எங்கிருந்து முளைத்தது? அதற்கும் ஒரு காரணம் உண்டு. 2020 பிப்ரவரி 1ந் தேதி படித்த பட்ஜெட்டில், வேறு எந்த நாட்டிலும் வரி கட்டவேண்டிய கடமை இல்லாத இந்தியப் பிரஜை இந்தியாவின் வாசியாகவே கருதப்படுவார் என்று ஒரு வரி இருந்தது. வளைகுடா நாடுகளில் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. அப்படியானால் அங்கே வேலை செய்கிற அத்தனை பேரும் மாட்டிக்கொள்வார்களே! கேரளம் கொந்தளித்தது. முதன்மந்திரி பினராயி விஜயன் பிரதம மந்திரிக்குக் கடிதம் எழுதினார். பட்ஜெட்டுக்கு மறுநாளே நிதி இலாகா விளக்கம் வெளியிட்டது: உண்மையாக உழைக்கப் போனவர்களின் வெளிநாட்டுச் சம்பளத்தைத் தொடும் எண்ணம் இல்லை என்று. கடைசியில் நிறைவேறிய சட்டம், இந்தியாவிலேயே வருஷத்துக்கு 15 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு மட்டுமே இந்த விதி என்று சுருங்கியது. 1961ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் இயற்றப்பட்ட புதிய சட்டமும் இதே கோட்டில்தான் போகிறது.

அந்த விதி யாரைக் குறிவைத்து எழுதப்பட்டது? இங்கே கம்பெனிகளும் கட்டிடங்களும் வைத்துக்கொண்டு, வருஷத்தில் 181 நாள் இங்கே, மிச்ச நாளைப் பல நாடுகளில் பங்கு போட்டு, எந்த நாட்டுக்கும் வரி கட்டாமல் காலெண்டர் பார்த்து வாழ்கிற கனவான்களைக் குறிவைத்துத்தான். அப்படிப்பட்டவர்களைப் பிடிக்கக் கிளம்பிய சர்க்காரின் வலை முதலில் விழுந்தது கொத்தனார் தலையில்! கூச்சல் எழுந்த பிறகுதான் வலையைத் தூக்கினார்கள். பிடிபட்ட கனவான்களுக்கும் அதிலே ஓட்டை உண்டு. அந்த விதியில் சிக்கியவரின் வெளிநாட்டு வருமானம் முழுவதும் வரிக்கு வராது. இந்தியாவிலிருந்து நடத்தப்படும் தொழிலின் வருமானம் போன்றவையே வரும்.

மனிதனாவது நாட்களை எண்ணவேண்டியிருக்கிறது. கம்பெனிக்கு அந்தச் சிரமமும் இல்லை. கம்பெனிக்கு உடம்பு கிடையாது; காகிதத்தில் பிறக்கிறது, காகிதத்தில் குடியேறுகிறது. வெளிநாட்டில் பதிவு செய்த கம்பெனியை இந்தியவாசி என்று சொல்ல, அதன் நிர்வாகம் முழுக்க முழுக்க இந்தியாவில் நடந்திருக்கவேண்டும் என்று பழைய சட்டம் சொன்னது. முழுக்க என்ற அந்த ஒரு வார்த்தை போதாதா? டைரக்டர்கள் ஒரு தடவை விமானமேறி வெளிநாட்டு ஓட்டலில் காபி குடித்துக்கொண்டே போர்டு மீட்டிங் நடத்திவிட்டால் கம்பெனி அந்நியவாசி ஆகிவிடும்! 2015இல்தான் இந்த வார்த்தையைத் திருத்தி, முக்கியமான முடிவுகள் எங்கே எடுக்கப்படுகின்றன என்று பார்க்கச் சொன்னார்கள். 1961இலிருந்து 2015 வரை எத்தனை வருஷம் என்று தோழர்களே எண்ணிக்கொள்ளட்டும்.

இனி ஒப்பந்தங்களின் கதைக்கு வருவோம்.

ஒருவன் ஒரு நாட்டில் வசிக்கிறான். வேறொரு நாட்டில் சம்பாதிக்கிறான். இவனுக்கு வரி போடும் உரிமை யாருக்கு? இரண்டு நாடும் கேட்டால் ஒரே கூலிக்கு இரட்டை வரி. இதைத் தவிர்க்க இரண்டு சர்க்கார்களும் உட்கார்ந்து, இன்ன வருமானம் உனக்கு, இன்ன வருமானம் எனக்கு என்று பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிக்கொள்கின்றன. இதன் பெயர் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம். தன்னளவில் இது நல்ல காரியம். நமது ஊர்ப் பையன் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்தால், அங்கே கட்டிய வரிக்கு மேல் இங்கே இன்னொரு முறை அதே சம்பளத்துக்குக் கட்டும்படி ஆகாமல் காப்பதும் இந்த மாதிரிப் பத்திரந்தான். ஒப்பந்தங்களை எல்லாம் கிழித்தெறி என்று ஆவேசமாகப் பேசும் நமது நண்பர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கவேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து சுப்ரீம் கோர்ட் வரை போன ஒரு வழக்கு இந்தப் பாகப்பிரிவினையை நன்றாகக் காட்டும். இங்கே வசிக்கும் ஒரு செட்டியார் குடும்பத்துக்கு மலேயாவில், ஈப்போ நகரத்துப் பக்கம், ரப்பர் தோட்டம் இருந்தது. ஒரு வருஷத்தில் தோட்ட வருமானம் 88,424 ரூபாய். தோட்டத்து நிலத்தை விற்றதில் லாபம் 18,113 ரூபாய். உள்நாட்டுவாசி ஆகவே வரி கட்டு என்றது இந்திய இலாகா. மலேசிய ஒப்பந்தப்படி அந்த வரி அந்த நாட்டைச் சேர்ந்தது என்றார்கள் உரிமையாளர்கள். 2004 மே மாதம் சுப்ரீம் கோர்ட் உரிமையாளர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது: சட்டத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் முரண்பாடு வந்தால் ஒப்பந்தமே மேல் என்று. நிலமும் மரமும் மலேயாவில் இருக்கும்போது வரியும் அங்கே என்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2008இல் சர்க்கார் ஒரு அறிவிக்கை போட்டு, இப்படிப்பட்ட வருமானத்தை இங்கேயும் கணக்கில் சேர்ப்போம், அங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொடுப்போம் என்று சொன்னது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டில்லிக்கா கோலாலம்பூருக்கா என்று வருஷக்கணக்கில் வாதாடினார்கள். மலேயாவின் ரப்பர்க் காடுகளில் விடியற்காலை இருட்டில் பால் வெட்டியவர்கள் நமது தமிழ்ப் பாட்டாளிகள். அவர்களுடைய பெயர் அந்த வழக்குக் கட்டில் எந்தத் தாளிலும் வரவேண்டிய அவசியமே இல்லை. சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

செட்டியார் குடும்பத்துக்கு உண்மையிலேயே மண் இருந்தது, மரம் இருந்தது. காகிதம் மட்டும் இருந்தால் என்ன நடக்கும்? இதற்கு மொரீஷியஸ் கதையைச் சொல்லவேண்டும்.

மொரீஷியஸ் தீவு நமக்குப் புதிதல்ல. 1834 முதல் 1920 வரை ஏறக்குறைய ஐந்து லட்சம் இந்தியர்களை வெள்ளைக்காரன் ஒப்பந்தக் கூலிகளாக அந்தத் துறைமுகத்தில் இறக்கினான். சென்னை ராஜதானியிலிருந்து போன தமிழர்களும் அதிலே உண்டு. கரும்புக்காட்டில் அடிபட்டு மிதிபட்டு அந்தத் தீவை உருவாக்கினார்கள். இன்றும் அந்த நாட்டு நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. பாலக்கோட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டும் தோழருக்கு அந்த நாட்டுக் கூலியின் வேலை என்னவென்று விளக்கவேண்டியதில்லை. தேசம் சிறியது. நமது தருமபுரி மாவட்டத்தில் 2011 கணக்குப்படி 15 லட்சம் பேர். மொரீஷியஸ் தேசம் முழுவதற்கும் 13 லட்சம் பேர்கூடத் தேறமாட்டார்கள்.

இந்தச் சின்னஞ்சிறு தேசந்தான், 2000ஆம் வருஷத்திலிருந்து பதினைந்து வருஷ காலம், இந்தியாவுக்கு வந்த அந்நிய நேரடி மூலதனத்தில் மூன்றிலொரு பங்கை அனுப்பியது என்று கணக்குச் சொல்கிறது! கரும்பு விற்ற காசா? இல்லை. 1982 ஆகஸ்டில் இந்தியாவும் மொரீஷியஸும் ஒரு வரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன; 1983இல் அமலுக்கு வந்தது. மொரீஷியஸ்வாசி ஒருவன் இந்தியக் கம்பெனியின் பங்கை விற்று லாபம் பார்த்தால், அந்த லாபத்துக்கு வரி போடும் உரிமை மொரீஷியஸுக்கு மட்டுமே என்று அதிலே ஒரு ஷரத்து. மொரீஷியஸில் அப்படிப்பட்ட லாபத்துக்கு வரியே கிடையாது. முடிந்தது கதை! இங்கே போடக்கூடாது, அங்கே போடமாட்டார்கள். இரட்டை வரியைத் தவிர்க்க எழுதிய பத்திரம் இரட்டைச் சலுகைப் பத்திரம் ஆகிவிட்டது.

பத்து வருஷம் அந்த ஷரத்து சும்மாதான் கிடந்தது. 1992இல் நரசிம்மராவ் சர்க்கார் பங்குச் சந்தையின் கதவை அந்நிய மூலதனத்துக்குத் திறந்துவிட்டது. அதே வருஷத்தில் மொரீஷியஸ் வெளிநாட்டுக் கம்பெனிகள் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ள வசதியாக ஒரு சட்டம் செய்தது. அவ்வளவுதான்; நியூயார்க், லண்டன் பண முதலைகளெல்லாம் ஒரே இரவில் மொரீஷியஸ்வாசிகள் ஆனார்கள். ஒரே கட்டிடத்தின் முகவரியில் கம்பெனிக்கு மேல் கம்பெனி. நமது நாட்டு முதலாளிகள் சிலரும் தங்கள் பணத்தையே வெளியே அனுப்பி, மொரீஷியஸ் வேஷம் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்கள் என்று குற்றச்சாட்டுகள் எழுந்தன. இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சுற்றி வருதல்'. எங்கள் பக்கத்தில் அதை வேறு பெயரில் சொல்வோம்.

நேர்மையான அதிகாரிகள் இல்லாமல் இல்லை. 2000ஆம் வருஷத்தில் வருமான வரி அதிகாரிகள் சிலர், நீங்கள் உண்மையில் எங்கே வசிக்கிறீர்கள் என்று இந்தக் கம்பெனிகளைக் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார்கள். பங்குச் சந்தை சரிந்தது. உடனே டில்லிக்கு நெஞ்சுவலி! வாஜ்பாய் சர்க்காரின் காலம் அது. 2000 ஏப்ரல் 13ந் தேதி மத்திய நேரடி வரி வாரியம் 789ஆம் நம்பர் சுற்றறிக்கையை வெளியிட்டது. மொரீஷியஸ் சர்க்கார் கொடுக்கும் வாசிச் சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால் போதும், மேற்கொண்டு கேள்வி கேட்காதே என்பது அதன் சாரம். ரேஷன் கார்டில் ஒரு எழுத்துத் தப்பாக இருந்தால் நமது தாய்மார்களைத் தாலுக்கா ஆபீசுக்கு எத்தனை நடை நடக்கவிடுகிறார்கள்! கோடிக்கணக்கான டாலருக்குச் சொந்தக்காரனுக்கு ஒரே ஒரு சான்றிதழ்.

அந்தச் சுற்றறிக்கையை 2002இல் டில்லி ஹைகோர்ட் செல்லாது என்றது. 2003 அக்டோபர் 7ந் தேதி சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, செல்லும் என்றது. மூலதனம் தேவைப்படும் வளரும் நாடுகள் இப்படிச் சிலவற்றைச் சகித்துக்கொள்ளவேண்டியிருக்கும் என்ற ரீதியில் கோர்ட் காரணம் சொன்னது. யார் சகித்துக்கொள்ளவேண்டும் என்பதை மட்டும் அது கணக்கிடவில்லை. கடைசியில் 2016 மே 10ந் தேதி ஒப்பந்தம் திருத்தப்பட்டது. 2017 ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கும் பங்குகளை விற்ற லாபத்துக்கு இந்தியா வரி போடலாம் என்றார்கள். அதற்கு முன் வாங்கியவற்றுக்குப் பழைய சலுகையை விட்டுவைத்தார்கள். சிங்கப்பூர் ஒப்பந்தத்திலும் அதே வருஷம் டிசம்பரில் அதே திருத்தம் வந்தது. முப்பத்து மூன்று வருஷம் திறந்திருந்த கதவைச் சாத்தினார்கள். உள்ளே வந்துபோன பணத்தில் வரியாக எதுவும் மீளவில்லை.

ஒப்பந்தம்கூட இல்லாமல் நடந்த ஒரு வித்தையும் உண்டு. அது நமது பையிலிருக்கும் டெலிபோன் சம்பந்தப்பட்டது. 2007 பிப்ரவரியில் வோடபோன் கம்பெனி, இந்தியாவில் ஹட்ச் என்ற பெயரில் நடந்த டெலிபோன் வியாபாரத்தின் 67 சதவீதத்தைக் கைப்பற்றியது. விலை சுமார் 1,100 கோடி டாலர். கோபுரங்கள் இந்தியாவில், சந்தாதாரர் இந்தியாவில், பேசுகிற வாய்கள் இந்தியாவில். ஆனால் விற்கப்பட்டது கேமன் தீவுகளில் இருந்த ஒரு காகிதக் கம்பெனியின் பங்கு; வாங்கியது ஹாலந்தில் பதிவான கம்பெனி. ஆகவே இந்தியாவில் விற்பனையே நடக்கவில்லையாம்! வரி இலாகா சுமார் 11,000 கோடி ரூபாய் கேட்டது. 2010இல் பம்பாய் ஹைகோர்ட் இலாகா பக்கம் நின்றது. 2012 ஜனவரி 20ந் தேதி சுப்ரீம் கோர்ட் வோடபோன் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

அதே வருஷம் நிதி மந்திரி பிரணாப் முகர்ஜி சட்டத்தைத் திருத்தி, பழைய விற்பனைகளுக்கும் வரி உண்டு என்றார். அதைப் பார்த்து முதலாளிப் பத்திரிகைகள் போட்ட ஓலம் நினைவிருக்கும். கம்பெனி எங்கே போனது தெரியுமா? ஹாலந்துடன் இந்தியா செய்துகொண்ட முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு அந்நிய நாட்டுப் பஞ்சாயத்துக்குப் போனது. 2020 செப்டம்பர் 25ந் தேதி அந்தப் பஞ்சாயத்து இந்தியாவுக்கு எதிராகச் சொன்னது. கெய்ர்ன் என்ற எண்ணெய்க் கம்பெனியும் அதே வழியில் ஜெயித்தது. 2021 ஆகஸ்டில் மோடி சர்க்கார் 2012ஆம் வருஷத்துத் திருத்தத்தை வாபஸ் வாங்கிக்கொண்டது. கெய்ர்னுக்கு 2022இல் சுமார் 7,900 கோடி ரூபாய் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

11,000 கோடி என்றால் எவ்வளவு? நமக்குத் தெரிந்த படியால் அளந்து பார்ப்போம். ஃபுளோரைடு கலந்த தண்ணீரைக் குடித்துப் பல்லில் கறையேறி, எலும்பு வளைந்து போன ஜனங்கள் இந்த மாவட்டத்தில் எத்தனை கிராமங்களில் இருந்தார்கள்! ஒகேனக்கல் தண்ணீருக்காக நமது கட்சியும் எத்தனை ஊர்வலம் போயிருக்கிறது! அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் மதிப்பு 1,928 கோடி ரூபாய். அதற்கு ஜப்பானிடம் கடன் வாங்கவேண்டியிருந்தது; 2013இல்தான் தண்ணீர் வந்தது. வோடபோன் விவகாரத்தில் கைவிட்ட தொகையில் இப்படி ஐந்து ஒகேனக்கல் திட்டங்கள் போடலாம். மிச்சமும் இருக்கும்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 299 ரூபாய்க்கு நீங்கள் டெலிபோனுக்கு ரீசார்ஜ் போட்டால், அதற்குள் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடக்கம்; ஏறக்குறைய 45 ரூபாய் வரி. அதை நீங்கள் எந்தத் தீவின் வாசி என்று சொல்லித் தப்பிக்க முடியும்? கடைக்காரன் சான்றிதழ் கேட்கமாட்டான், காசைத்தான் கேட்பான்.

"இப்படியெல்லாம் வரி வரி என்று விரட்டினால் கம்பெனி ஓடிவிடும், வேலை போய்விடும்" என்று ஒரு வாதம் உண்டு. ஆலைத் தொழிலாளிகளிடையே இது எடுபடுகிறது என்பதை மறைப்பதில் லாபமில்லை. இதற்குச் சாட்சியாக எப்போதும் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவைக் காட்டுகிறார்கள். ஆகவே அந்தக் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும்.

2006இல் அங்கே நோக்கியா தொழிற்சாலை தொடங்கியது. சலுகை விலையில் நிலம், சிறப்புப் பொருளாதார மண்டலம், வரிச் சலுகை எல்லாம் கொடுத்தார்கள். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து இளம் பெண்களும் பையன்களும் போய்ச் சேர்ந்தார்கள். நல்ல காலத்தில் எட்டாயிரம் பேர் வரை நேரடியாக வேலை செய்தார்கள். டெலிபோனுக்குள் வைக்கும் மென்பொருளுக்காகச் சென்னைக் கம்பெனி பின்லாந்தில் இருக்கும் தாய்க் கம்பெனிக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தது. அது உரிமத் தொகை, அனுப்பும்போதே வரி பிடித்திருக்கவேண்டும் என்றது இலாகா. வெறும் சரக்கு வாங்கிய விலை, வரி வராது என்றது கம்பெனி. 2013இல் ஐந்து வருஷத்துக்குச் சேர்த்து 2,080 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ். பிறகு சொத்து முடக்கம். மென்பொருள் விலை உரிமத் தொகையா என்ற சட்டச் சிக்கலை 2021 மார்ச்சில்தான் சுப்ரீம் கோர்ட் வேறு வழக்குகளில் தீர்த்தது. அங்கேயும் கம்பெனிகள் பக்கந்தான் தீர்ப்பு. ஆகவே இலாகாவின் கணக்கு அத்தனையும் சரி என்று நாம் சத்தியம் செய்யவில்லை.

ஆனால் தொழிற்சாலையை மூடியது வரியா? 2014 ஏப்ரலில் நோக்கியா தன் டெலிபோன் வியாபாரத்தை உலகம் முழுவதும் மைக்ரோசாப்டுக்கு விற்றது. வழக்கில் இருந்ததால் சென்னைத் தொழிற்சாலை அதிலே சேரவில்லை. 2014 நவம்பர் 1ந் தேதி உற்பத்தி நின்றது. தொழிலாளிகள் கையில் ஒரு தொகையைத் திணித்து 'விருப்ப ஓய்வு' என்று வெளியே அனுப்பினார்கள். இருபத்தைந்து வயதில் ஓய்வு! சரி, வரி வழக்கே இல்லாமல் மைக்ரோசாப்டின் கைக்குப் போன தொழிற்சாலைகள் பிழைத்தனவா? ஹங்கேரியில் கொமாரோம் தொழிற்சாலை அதே 2014இல் மூடப்பட்டது. சீனத்தில் இருந்தவையும் மூடப்பட்டன. அந்தக் கைத்தொலைபேசி வியாபாரமே இரண்டு மூன்று வருஷத்தில் சுருண்டு போயிற்று. ஆப்பிளிடமும் சாம்சங்கிடமும் சந்தையை இழந்த கம்பெனி, இழப்பைத் தொழிலாளி தலையில் கட்டியது. பழியை வரியின் தலையில் கட்டியது.

அதற்கப்புறம் நடந்ததுதான் விசேஷம். இந்தியா–பின்லாந்து ஒப்பந்தத்திலேயே, இரண்டு சர்க்கார்களும் உட்கார்ந்து தகராறைத் தீர்த்துக்கொள்ள ஒரு ஷரத்து இருக்கிறது. அதன்படி 2018இல் நோக்கியா சுமார் 1,600 கோடி ரூபாய் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. கம்பெனிக்கு ஒப்பந்தம் இருந்தது, பேச ஒரு சர்க்கார் இருந்தது, உட்கார ஒரு மேஜை இருந்தது. வாசலில் நின்ற எட்டாயிரம் பேருக்கு எந்த ஒப்பந்தத்தில் எந்த ஷரத்து?

ஆகவே ஒப்பந்தங்கள் வேண்டும். அவை யாருடைய கையால், யாருக்காக எழுதப்படுகின்றன என்பதுதான் கேள்வி. இது இந்தியா மட்டும் தனியாகத் தீர்க்கும் விஷயமும் அல்ல. பணக்கார நாடுகள் தங்கள் கிளப்பில் உட்கார்ந்து உலகத்துக்கு வரி விதி எழுதிக்கொண்டிருந்தது போதும் என்று ஆப்பிரிக்க நாடுகள் ஐக்கிய நாடுகள் சபையில் குரல் எழுப்பின. வரிக்கென ஒரு உலக உடன்படிக்கை வேண்டும் என்ற தீர்மானத்துக்கு 2023 நவம்பரில் 125 நாடுகள் ஆதரவு, இந்தியாவும் ஆதரித்தது. உடன்படிக்கைக்கு எல்லை வகுக்கும் தீர்மானம் 2024இல் நிறைவேறியபோது எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒன்பது நாடுகளில் அமெரிக்காவும் பிரிட்டனும் ஜப்பானும் உண்டு. 2025 பிப்ரவரியில் பேச்சு தொடங்கியதுமே அமெரிக்கா எழுந்து வெளியே போய்விட்டது. அவர்களுக்கு எங்கே வலிக்கிறது என்று இதிலேயே தெரிகிறது. லாபம் எங்கே உழைத்து உண்டாக்கப்பட்டதோ, சரக்கு எங்கே விற்கப்பட்டதோ, அங்கேதான் வரி என்ற நிலையை அந்த மேஜையில் இந்தியா உறுதியாகப் பேசவேண்டும். நியூயார்க்கில் கை தூக்கிவிட்டு டில்லியில் சுற்றறிக்கை போடுவது நடக்காது.

இன்னொன்று தோழர்களில் பலருக்குத் தெரியாது. இந்த வரி ஒப்பந்தங்களுக்குப் பார்லிமெண்டின் ஓட்டு வேண்டியதில்லை. சர்க்கார் கையெழுத்துப் போடுகிறது, கெஜட்டில் அறிவிக்கை வருகிறது, ஒப்பந்தம் நாட்டின் சட்டத்துக்கு மேலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. மொரீஷியஸ் ஒப்பந்தமும் அப்படித்தான் வந்தது. அப்படித்தான் 33 வருஷம் இருந்தது. ஒரு பஞ்சாயத்துப் பைப்புக்குக்கூடக் கிராம சபையில் தீர்மானம் வேண்டும் என்கிறார்கள். இனி எந்த வரி ஒப்பந்தமும் கெஜட்டில் வருமுன் பார்லிமெண்டில் வைத்து விவாதிக்கப்படவேண்டும். ஒவ்வொரு ஒப்பந்தத்தாலும் வருஷத்துக்கு எவ்வளவு வரி விட்டுக்கொடுக்கப்படுகிறது என்ற கணக்கு பட்ஜெட்டோடு சேர்த்து வெளியிடப்படவேண்டும். ஓட்டுக் கேட்டு இந்த மாவட்டத்துக்கு வருகிற எந்தக் கட்சி வேட்பாளரிடமும், பென்னாகரத்திலோ பாப்பிரெட்டிப்பட்டியிலோ மேடை போடும்போது, இந்த இரண்டையும் கேட்கலாம்.